எட்டரை மணி அளவு

பொய் சொல்வதற்கும் ஒரு நேர்த்தி வேண்டும் என்பார்கள். துறைமுக அலுவலகக் குமாஸ்தா, கிராணி கருணாகரனிடம் அது இருந்தது. அவருடைய பொய்க்கு அரை அங்குல நீளம். மூன்று வருடம், நாளுக்கு ஒன்றாக, காலை எட்டரை மணி என்று நேரம் குறித்து, நீல மையில், குண்டு குண்டான அழகிய கையெழுத்தில் அதை எழுதிவந்தார்.

மலாக்கா ஆறு கடலில் சேரும் இடத்தில், மரத்தூண்களின்மேல் ஒரு தகரக் கொட்டகை நின்றது. அதற்குள் ஒரு நீர்மட்டக் கருவி. கொட்டகையிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் இரும்புக் குழாய். குழாய்க்குள் ஒரு செப்பு மிதவை. மிதவையிலிருந்து மேலே வரும் கம்பியில் அடிக்கு ஒரு பித்தளை மணி. மணிகள் ஒரு சக்கரத்தின் பற்களில் உட்கார்ந்து அதைத் திருப்பும். சக்கரம் ஒரு பேனாவை நகர்த்தும். கடிகாரம் சுற்றும் உருளைத் தாளில், கடல் ஏறுவதும் இறங்குவதும் ஓய்வில்லாமல் ஒரே கோடாக விழுந்துகொண்டிருக்கும். படகுக்காரர்கள் அதைத் தண்ணிக் கடியாரம் என்றார்கள்.

கருவி சொல்வதை அப்படியே நம்பிவிட முடியாது. கம்பி நீளும், மணி நழுவும், மிதவையில் சிப்பி ஒட்டிக் கனக்கும். அதற்காகத்தான் கொட்டகையை ஒட்டிய கல்படிகளின் அடியில், அடியும் அங்குலமும் வரைந்த ஒரு கட்டையை நட்டிருந்தார்கள். ஆற்றுவாய் மணல்திட்டின்மேல் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறதோ அதே எண்ணைக் கட்டையும் காட்டும். தினமும் எட்டரைக்குக் கிராணி படியிறங்கிப் போய், அலை ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்து, நடுவாக ஓர் அளவு எடுத்து, மேலே வந்து பேனாக் கோட்டின் பக்கத்தில் எழுதவேண்டும்: கட்டை இவ்வளவு, பேனா இவ்வளவு. கடைக்காரனின் தராசை அவன் கல்லை வைத்தே சோதித்தால் தராசு எப்போதும் சரியாகத்தான் இருக்கும். வெளியிலிருந்து வேறொரு கல் வேண்டும். எட்டரை மணி அளவு அந்த வேறு கல்.

கருணாகரன் ஆரம்பத்தில் ஒழுங்காகத்தான் போய்வந்தார். 1954 மழைக்காலத்தில் ஒருநாள் பாசிப்படியில் வழுக்கி, சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சிலுவார்க் காற்சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில் விழுந்தார். படியருகே கட்டியிருந்த தொங்கானிலிருந்து ஒரு கை நீண்டு அவரைத் தூக்கிவிட்டது. தொங்கான் என்பது, வெளியே ஆழத்தில் நிற்கும் கப்பலிலிருந்து சரக்கை ஆற்றுக்குள் கொண்டுவரும் கனத்த படகு. கை நீட்டியவர் அதன் தண்டையல் சேதுபதி. படகை நடத்துவது அவர் பொறுப்பு. காஜா பேராங்கில் கருணாகரன் வீட்டிலிருந்து ஐந்தாவது வீடு அவருடையது. இருவர் மனைவிமாரும் ஒரே தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கிறவர்கள்.

"படியில பாசி கிராணி. நாளையிலேருந்து சாக்கு விரிச்சி வக்கிறேன். பயமில்லாம எறங்கலாம்," என்றார் சேதுபதி.

சொன்னபடியே மறுநாள் கடைசி மூன்று படிகளிலும் கோணிச்சாக்கு விரித்திருந்தது. கருணாகரன் அதைக் கொட்டகை ஜன்னலிலிருந்து பார்த்தார். பார்த்ததோடு சரி. அலுவலகத்தில் ஒரு வாரம் சிரித்தார்கள். 'கிராணி கடலளந்த கதை' காப்பிக்கடை வரைக்கும் போயிருந்தது. இனி அந்தப் படியில் கால் வைப்பதில்லை என்று வீம்பாக முடிவுசெய்தார். வீம்பு ஒரு மாதத்தில் அடங்கிவிட்டது. அதன் இடத்தில் சோம்பல் வந்து சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டது.

பிறகு நடந்ததெல்லாம் சுலபம். எட்டரைக்குப் பேனா எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். அதையே கட்டையின் அளவாகவும் எழுதுவார். தினமும் ஒன்றாகவே இருந்தால் எவனாவது சந்தேகப்படுவான் அல்லவா? அதனால் ஒருநாள் அரை அங்குலம் கூட்டுவார், ஒருநாள் அரை அங்குலம் குறைப்பார். மாதாமாதம் இந்த எட்டரை மணி அளவுகளின் பட்டியல் சிங்கப்பூருக்குப் போகும். உருளைத் தாள்கள் இங்கேயே அலமாரியில் தூங்கும். பட்டியலைப் பார்த்த சிங்கப்பூர்க்காரர்கள், இவ்வளவு ஒழுங்காக ஓடும் கருவியை வேறெங்கும் காணோம் என்று பாராட்டுக் கடிதமே அனுப்பினார்கள். கருணாகரன் அதைக் கண்ணாடி போட்டு மாட்டினார். வெட்கங்கெட்ட காரியம்தான். ஆனால் அன்றைக்கு அவருக்கு அது அப்படித் தெரியவில்லை.

1957 ஜூன் ஐந்தாம் தேதி மிதவையில் சிப்பி ஏறியிருந்ததால் அதைக் கழற்றிச் சுரண்டினார். சுரண்டி முடிய இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் தண்ணீர் தன்பாட்டில் ஏறியிருந்தது. கம்பியைத் திரும்பச் சக்கரத்தில் மாட்டினார்; பேனா எங்கே போய் நின்றதோ அதுதான் தண்ணீர் என்று எடுத்துக்கொண்டார். படியிறங்கிக் கட்டையை ஒரு தரம் பார்த்திருக்கலாம். பதினொரு படிதான்.

ஜூலை இரண்டாம் தேதி காலை பத்து பத்துக்கு, அரிசி மூட்டை ஏற்றிவந்த சேதுபதியின் தொங்கான் ஆற்றுவாய்த் திட்டில் தரை தட்டியது. வற்றத் தண்ணீர், கடல் இறங்கும் நேரம். தட்டிய படகு மீண்டு மிதக்கவில்லை. தண்ணீர் இறங்க இறங்கச் சாய்ந்தது. பலகை பிளந்தது, பாதி அரிசி உப்புநீரில் ஊறியது.

சேதுபதி சொன்னது இதுதான்: கடல் ஏற்ற இறக்க அட்டவணைப்படி அந்த நேரத்துக்கு ஏழடித் தண்ணீர் இருக்கவேண்டும், படகுக்கு ஆறரை அடி போதும். ஆனால் மூன்று நாளாக அடித்த தரைக்காற்று தண்ணீரைக் கடலுக்குத் தள்ளிவிட்டது. தட்டியவுடன் கழி போட்டுப் பார்த்ததில் ஆறேகால் அடிதான் இருந்தது. வழி தவறவில்லை, வழியில்தான் தண்ணீர் இல்லை. படகு முதலாளியான தவுக்கே சொன்னது வேறு: தண்டையல் தூங்கிவழிந்து வாய்க்காலை விட்டு விலகியிருக்கிறார். தவுக்கே சொன்னதற்கு ஊர் தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்துக்கொண்டது: குடித்திருந்தார்.

குற்றம் காற்றுடையதா, சேதுபதியுடையதா? அதைச் சொல்லக்கூடியது தண்ணிக் கடியாரம் ஒன்றுதான். விசாரணைக்கு முதல்நாள் மாலை சேதுபதி கருணாகரன் வீட்டுக்கு வந்தார். கருணாகரன் மனைவி கமலவேணி காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"நாளக்கி உங்க தாளத்தான் பாப்பாங்க கிராணி," என்றார். "முப்பது வருசம் ஒரு கல்லுகூட ஒரசாம ஓட்டுன சுராட்டு. அது போச்சின்னா நான் வெறும் ஆளு."

"தாளு உள்ளத சொல்லும் அண்ணே."

"அன்னிக்கிக் காலையில கட்டையப் பாத்தீங்கல்ல?"

"பாக்காம இருப்பனா?"

சேதுபதி காப்பியை முழுக்கக் குடித்து முடித்தார். கோப்பையைக் கவனமாகத் தரையில் வைத்தார்.

"அப்ப சரி. நீங்க பாத்தது பாத்தபடி சொல்லுங்க, அது போதும்," என்று எழுந்து போனார்.

கருணாகரனுக்குத் தாளில் இருந்த எண் தெரியும். பத்து பத்துக்கு ஏழேகால் அடி. பாவம், மனுஷன் கண்ணசந்துவிட்டார் போல என்று உண்மையாகவே நம்பினார். தன் கருவியை அவ்வளவு நம்பினார். பொய் அளவு எழுதி எழுதிக் கடைசியில் அதை நம்பிய முதல் ஆளும் அவரேதான்.

விசாரணை நடத்திய வெள்ளைக்காரத் துரை மேசைமேல் தாளை விரித்தார். வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டிக்கொண்டிருந்த மாதம் அது. கொடி மாற இன்னும் ஆறு வாரம். பெரிய கிராணி பதவி உள்ளூர் ஆளுக்கு என்று முடிவாகி, பட்டியலில் கருணாகரன் பெயர் முதலில் இருந்தது.

"அன்று காலை நீங்களே கட்டையைப் பார்த்தீர்களா?"

"பார்த்தேன் ஐயா. எட்டரைக்கு."

"வித்தியாசம்?"

"அரை அங்குலம்."

துரை தலையாட்டினார். அந்த அரை அங்குலம்தான் அவரை நம்பவைத்தது. வித்தியாசமே இல்லை என்றிருந்தால்கூட ஒருவேளை நிமிர்ந்து பார்த்திருப்பார்.

பிறகு சேதுபதியிடம் மலாயில் கேட்டார், கிராணியிடம் ஏதாவது கேட்கவேண்டுமா என்று. சேதுபதி எழுந்து நின்றார். கருணாகரனின் முகத்தையே பார்த்தபடி வெகுநேரம் நின்றார். என்ன கேட்பது என்று தெரியாமல் முழிக்கிறார் என்று கருணாகரன் நினைத்தார்.

"இல்ல துவான்," என்று சொல்லி உட்கார்ந்தார் சேதுபதி. அன்று மாலையே அவருடைய சுராட், படகோட்டும் உரிமம், ரத்தாயிற்று.

மறுநாள் காலை கருணாகரனுக்கு என்ன தோன்றியதோ, எட்டரைக்குப் படியிறங்கினார். மூன்று வருடத்தில் முதல் தடவை. கடைசிப் படிகளில் சாக்கு விரித்திருந்தது. கட்டை மூன்றடி எட்டு அங்குலம் காட்டியது. மேலே வந்தார். பேனா நாலடி எட்டு அங்குலத்தில் நின்றது.

முழுசாக ஓர் அடி. ஒரு மணி தள்ளி மாட்டியிருக்கிறது.

ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து நேரே துரையிடம் போயிருக்கவேண்டும். போகவில்லை. கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு, கம்பியைக் கழற்றி ஒரு மணி நகர்த்தி மாட்டினார். பேனா கீழிறங்கிச் சரியான இடத்தில் நின்றது. தாளில் அந்த இடத்தில், 'கருவி துடைக்கப்பட்டது' என்று எழுதினார். அழகான கையெழுத்து.

மணி எப்போது நழுவியது என்று யார் கண்டார்கள்? நேற்றுக்கூட நழுவியிருக்கலாம். விபத்துக்கு அப்புறம் நழுவியிருக்கலாம். இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த 'லாம்' ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த இரண்டரை வருடம் சோறு தின்றார்.

மெர்டேக்கா, நாட்டின் சுதந்திரம், வந்தது. பண்டார் ஹிலிர் முழுக்கத் தோரணம் கட்டினார்கள். கருணாகரன் பெரிய கிராணியானார். சிபாரிசில் 'பிழையில்லாத அளவுகள்' என்று எழுதியிருந்ததாம். சேதுபதிக்கு எந்தத் தவுக்கேயும் படகு கொடுக்கவில்லை. குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்துவதைப் பொறுக்க முடியாமல் அவர் மனைவி பாக்கியலட்சுமி விடியுமுன்பே தண்ணீர் பிடிக்க வர ஆரம்பித்தாள். "நம்ம வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கறதில்ல," என்று கமலவேணி ஒருநாள் வருத்தப்பட்டாள். கருணாகரன் செய்தித்தாளைப் புரட்டினார். ஆறு மாதத்தில் அவர்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு புக்கிட் பாருவுக்குப் போனார்கள். அங்கே ஒரு ரப்பர் புகைக்கூடத்தில் சேதுபதிக்கு ஜாகா வேலை, காவல் காப்பது.

1960 ஜனவரியில், பழைய உருளைத் தாள்களையெல்லாம் எண் போட்டுக் கட்டி சிங்கப்பூருக்கு அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. பெரிய கிராணி சரிபார்த்துக் கையெழுத்திடவேண்டும். அலமாரியைத் திறந்தார். 1957ஐ எடுக்காமல் நான்கு நாள் ஒத்திப்போட்டார். ஐந்தாம் நாள் எடுத்தே ஆகவேண்டியிருந்தது.

அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்றத்தில், குழாயின் அடித்தட்டுக்கும் கீழே தண்ணீர் போய்விடும். மிதவை தட்டின்மேல் உட்கார்ந்துவிடும். அப்போது பேனா வளைவதை நிறுத்தி, தண்ணீர் திரும்பி வரும்வரை நேராக ஒரு கோடு போடும். இது கருணாகரனுக்குத் தெரியாததில்லை. தினம் பார்க்கும் முகத்தை யார் உற்றுப் பார்க்கிறார்கள்? இப்போது தாளை நீளமாக விரித்ததும் அந்த நேர்கோடுகள் மட்டும் தனியே தெரிந்தன. அடித்தட்டு தூணோடு சேர்த்து முடுக்கப்பட்டது. அது ஏறாது, இறங்காது. எந்த வருடமானாலும் கோடு ஒன்றேகால் அடியில்தான் விழவேண்டும்.

ஜனவரியில் ஒன்றேகால். மார்ச்சில் ஒன்றேகால். மே கடைசியில் ஒன்றேகால். ஜூன் ஐந்துக்குப் பிறகு வந்த முதல் பெரிய வற்றத்தில், இரண்டேகால். அதற்கடுத்ததும் இரண்டேகால். விசாரணைக்கு மறுநாள் வரைக்கும் இரண்டேகால். பிறகு ஒன்றும் நடக்காததுபோல மறுபடி ஒன்றேகால்.

அவர் எட்டரை மணிக்குப் போகாத இடத்துக்கு, மிதவை மாதம் இரண்டு தடவை போய்வந்திருக்கிறது. போய்வந்ததை எழுதியும் வைத்திருக்கிறது. அவர் எழுதிய ஆயிரம் அளவுகளில் ஒன்றுகூட எதற்கும் உதவவில்லை. அவர் எழுதாத இந்தக் கோடுகளை வைத்துத்தான் அன்றைய கடலை மீட்டெடுக்க முடிந்தது. அடிக்கோலை வைத்து ஜூலை இரண்டு, பத்து பத்தில் ஓர் அடியைக் கழித்தார். ஏழேகால், ஆறேகால் ஆயிற்று. படகுக்கு ஆறரை வேண்டும்.

மூன்று அங்குலம். தாளின்மேல் கையை வைத்துக்கொண்டு கருணாகரன் அழுதார். அலுவலகத்தில் அந்த நேரம் யாரும் இல்லாதது நல்லதாய்ப் போயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை, தாளையும் அலுவலகத்துக்கு எழுதிய கடிதத்தையும் சுருட்டிக்கொண்டு புக்கிட் பாருவுக்குப் போனார். புகைக்கூடத்தின் பக்கத்தில் ஓர் அத்தாப்பு ஓலைக் குடிசை. வாசலில் பெஞ்சில் சேதுபதி உட்கார்ந்திருந்தார். பாக்கியலட்சுமி முற்றத்தில் கருவாடு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முதுகைத் திருப்பிக்கொண்டாள்.

"வாங்க கிராணி. பசியாறியாச்சா?" என்றார் சேதுபதி, நேற்றுப் பார்த்தவர்போல.

கருணாகரன் பெஞ்சில் தாளை விரித்தார். ஒவ்வொரு நேர்கோடாகக் காட்டினார். சேதுபதி நகம் பழுத்த விரலால் கோட்டைத் தடவிக்கொண்டே வந்தார். கோடு ஓர் அடி மேலே ஏறிய இடத்தில் விரல் நின்றது.

"ஆறேகால்," என்றார். "கழியும் அதத்தான் சொல்லிச்சி."

"ஆபீசுக்குக் கடுதாசி எழுதி வச்சிருக்கேன் அண்ணே. எல்லாத்தையும் எழுதியிருக்கேன். குடுக்கவா?"

"குடுக்கறவரு அங்கல்ல போவணும்? இங்க வந்து கேக்குறீங்களே. நான் வேணாம்னு சொல்லிடுவேன்னுதானே?"

அதுதான் நிஜம். 'போனது போகட்டும் கிராணி' என்ற ஒரு வார்த்தையை வாங்கிக்கொண்டு போகத்தான் கருணாகரன் அத்தனை தூரம் வந்திருந்தார். அது அவருக்கே அந்த நிமிடம்தான் தெரிந்தது.

"ஆபீசு இருக்கட்டும்," என்றார் சேதுபதி. "மொதல்ல அவகிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொன்ன மாதிரியே சொல்லுங்க."

கருணாகரன் எழுந்து முற்றத்துக்குப் போனார். கருவாட்டுப் பாயின் ஓரத்தில் நின்று சொன்னார். அவள் திரும்பாமலே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அன்னிக்கி நீங்க கட்டையப் பாக்கவே இல்லியா?" என்றாள் கடைசியில்.

"அன்னிக்கி மட்டும் இல்லம்மா. மூணு வருசமா பாக்கல."

பாக்கியலட்சுமி அவரை விட்டுவிட்டுப் புருஷனிடம் திரும்பினாள். "இது உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்புடித் தெரியும்?"

"படியில சாக்கு விரிச்சி வப்பேன்ல, இவருக்காக. மக்கிப்போச்சின்னா மாத்துவேன். மூணு வருசமும் மாத்துனேன். ஒரு சாக்குலயும் செருப்புத் தடம் பட்டதில்ல."

"தெரிஞ்சிக்கிட்டேவா இருந்தீங்க?" என்றாள். "ஊரு சொல்லிச்சேன்னு நானும் கேட்டனே, குடிச்சிருந்தீங்களான்னு. கட்டுனவ கேட்டப்பகூட வாயத் தொறக்கலியே! அந்த துரைகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா இவரு வேல அன்னிக்கே போயிருக்கும். ஏதாச்சும் கேக்கணுமான்னு துரை கேட்டாரு. நான் எதுக்குக் கேக்கணும், இவரே எந்திரிச்சிச் சொல்லிடுவாருன்னு இருந்தேன்." சேதுபதி கருணாகரனைப் பார்க்காமல் தாளைச் சுருட்டினார். "அதான் இவரு மூஞ்சியவே பாத்துக்கிட்டு நின்னேன். ரொம்ப நேரம் நின்னேன்."

கருணாகரன் திங்கட்கிழமை கடிதத்தைக் கொடுத்தார். பெரிய கிராணி பதவி போயிற்று. பழையபடி தண்ணிக் கடியாரக் கிராணியானார். தீர்ப்பைத் திருத்த எட்டு மாதம் ஆயிற்று. சுராட் தபாலில் வந்து சேர்ந்தபோது சேதுபதிக்கு அறுபது முடிந்திருந்தது. அந்த வயதில் எந்தத் தவுக்கே தொங்கானைக் கொடுப்பான்? சுராட்டைப் பாக்கியலட்சுமி வாங்கிப் பெட்டிக்குள் வைத்தாள் என்று கமலவேணிக்கு யாரோ சொன்னார்கள்.

பழைய வேலைக்குத் திரும்பிய முதல் நாள், எட்டரைக்குக் கருணாகரன் படியிறங்கினார். கடைசி மூன்று படிகளிலும் பாசி வழவழத்தது. எட்டாவது படியில் அவரையறியாமல் நின்று, சாக்கைத் தேடினார். பிறகு கைகளைச் சுவரில் ஊன்றிக்கொண்டு, உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினார். கட்டை நாலடி ஒன்பது அங்குலம். மேலே வந்து பார்த்தால் பேனா நாலடி பதினொன்று. இரண்டு அங்குலம் வித்தியாசம் என்று உள்ளபடி எழுதினார். சிலுவார் நனைந்திருந்தது. யாரும் சிரிக்கவில்லை.